செயலாளர் அக்காவுக்குத்தான் தெரியும்

மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்கள் பலவற்றுக்கு நான் போய் வருகிறேன். சுழற்சிக் கடனில் நிலுவை எவ்வளவு, வங்கியில் யார் யாருடைய கையொப்பம், அரைக்கும் மெசின் பழுதானால் யாரைக் கூப்பிடுவது என்று கேட்டால் அநேகமாக ஒரே பதில்தான் வரும். "அது செயலாளர் அக்காவுக்குத்தான் தெரியும்."

அந்த அக்காவில் பிழை சொல்ல முடியாது. மற்றவர்கள் பின்வாங்கியபோது பொறுப்பெடுத்தவர் அவர். ஆனால் நாளைக்கே அவர் மகளின் பிரசவத்துக்கென்று தூர இடம் போனால் சங்கம் என்ன செய்யும்? 1995 ஒக்டோபரில் வலிகாமத்தை விட்டு ஒரே இரவில் வெளிக்கிட்டவர்களுக்கும், 2009இல் வன்னியில் இடம் இடமாக ஓடியவர்களுக்கும் இதை நான் விளக்கத் தேவையில்லை. மீள்குடியேறிய பின், பழைய சேமிப்பில் தமக்கு எவ்வளவு இருந்தது என்று காட்ட ஒரு துண்டுகூட இல்லாமல் நின்ற பெண்களைக் கண்டிருக்கிறேன். காசு போனதைவிடக் கணக்குப் போனதுதான் அவர்களுக்குள் மனஸ்தாபத்தை உண்டாக்கியது.

ஒரு சங்கத்தில் இப்போது கூட்ட அறிக்கையை எல்லோருக்கும் உரத்து வாசிக்கிறார்கள். எழுத்துத் தெரியாத அம்மாமார்தான் அதில் பிழை பிடிப்பதில் கெட்டிக்காரர்! வங்கிக்குப் போகும்போது மாதம் ஒரு புது உறுப்பினரைக் கூட்டிப் போகிறார்கள். ஒவ்வொருவர் கையிலும் தன் சேமிப்பும் கடனும் எழுதிய அட்டை இருக்கிறது.

இது இலேசில் நடக்கவில்லை. "என்னில நம்பிக்கை இல்லையோ?" என்று செயலாளர் கண் கலங்கினார். கணவனை இழந்த அவருக்கு ஊரில் கிடைத்த மதிப்பே அந்தக் கொப்பிகள்தான். அதைப் பறிப்பதுபோல் அவருக்குப் பட்டது நியாயமே. கடைசியில், காசுப் புத்தகம் எழுத இரண்டு பிள்ளைகளுக்குப் பழக்கும் பொறுப்பை அவரிடமே கொடுத்தார்கள். அந்தப் பிள்ளைகள் இப்போது அவரை "ரீச்சர்" என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

கொப்பிகளைத் தொலைத்த சங்கங்கள் முதலில் பிரதேச செயலகத்தில் கிராம அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் விசாரியுங்கள். பதிவு விபரங்கள் அங்கே இருக்கக்கூடும். சரியான பதில் கிடைக்காவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் தம் முடிவை அறிவிக்க வேண்டும். எழுத முடியாதவர் வாயால் சொன்னாலும் போதும். அதை எழுதிக்கொள்வது அலுவலரின் கடமை.