அல் அசாதில் அடிபட்டவர்கள்

2020 ஜனவரி 8, விடிவதற்கு முன். ஈராக்கின் அன்பார் மாகாணத்தில் உள்ள அல் அசாத் விமானத் தளத்தின்மேல் ஈரானின் ஏவுகணைகள் வந்து விழுந்தன. அங்கிருந்த அமெரிக்கப் படையினர் பலர் பதுங்கிக் கிடந்தது சிறிய ராக்கெட்டுகளைத் தாங்கக் கட்டிய காப்பறைகளில். ஒருவரும் சாகவில்லை. அமெரிக்கர் யாருக்கும் பாதிப்பில்லை என்று அதிபர் டிரம்ப் அறிவித்துவிட்டார். அப்புறம் ஒவ்வொருவராகத் தலைவலி, தலைசுற்றல் என்று வர ஆரம்பித்தார்கள். அதையும் அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிப்ரவரிக்குள் மூளைக்காயம் என்று உறுதியானவர்கள் 110 பேர்.

வெறும் தலைவலிதானே என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். விபத்துப் பிரிவில் செவிலியாக வேலை பார்த்தவள் நான். பைக்கிலிருந்து விழுந்து, கொஞ்ச நேரம் நினைவு தப்பி, பிறகு எழுந்து டீ கேட்கிற பையன்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஸ்கேனில் ஒன்றும் இருக்காது. வீட்டுக்குப் போவார்கள். சில நாளில் அம்மா வந்து நிற்பார்: "சிஸ்டர், இவன் முன்ன மாதிரி இல்ல. தொட்டதுக்கெல்லாம் எரிஞ்சு விழறான், ராத்திரி தூங்கவே மாட்டேங்கறான்."

குண்டு வெடித்ததும் அழுத்த அலை உடம்பை ஊடுருவுகிறது. மண்டைக்குள் மூளை குலுங்குகிறது, நரம்பு செல்களின் நீண்ட இழைகள் இழுபடுகின்றன. சாதாரண ஸ்கேனுக்கு இது பிடிபடாது. ஒருமுறை அடிபட்டவர்களில் பெரும்பாலோர் சில வாரங்களில் தேறிவிடுவார்கள். ஆனால் போர்க்களத்தில் தலை அதிர்ந்த அதே நொடியில் பக்கத்திலிருந்த நண்பன் செத்திருக்கலாம்; அடி மனதிலும் விழுகிறது.

ஈராக்கிலிருந்து திரும்பிய 2,525 வீரர்களிடம் ராணுவ மனநல மருத்துவர் சார்ல்ஸ் ஹோக் குழு விசாரித்து 2008-ல் வெளியிட்ட ஆய்வை எல்லோரும் அறிய வேண்டும். காயம்பட்டு நினைவு தப்பியவர்களில் 43.9 சதவீதம் பேருக்கு பி.டி.எஸ்.டி. என்னும் மனக்காயத்தின் அறிகுறிகள் இருந்தன. காயமே படாதவர்களில் 9.1 சதவீதம்தான். இன்னொன்றும் தெரிந்தது. பி.டி.எஸ்.டி.யையும் மனச்சோர்வையும் கழித்துப் பார்த்தால், தலைவலியைத் தவிர மற்ற உபாதைகளுக்கும் தலையில் பட்ட அடிக்கும் தனித் தொடர்பு தென்படவில்லை.

அப்படியானால் எல்லாம் மனப்பிரமையா? இல்லை. குண்டுவெடிப்புகளில் சிக்கிப் பின்னர் இறந்த வீரர்களின் மூளைகளை நுண்ணோக்கியில் பார்த்த டேனியல் பெர்ல் குழு, 2016-ல் அவற்றில் தனிவகைத் தழும்புகளைக் காட்டியது. மூளையா மனமா என்று வழக்காடுவதால் நோயாளிக்கு ஒரு பயனும் இல்லை. அந்த வழக்கில் தோற்றவர் ஹாரி ஃபார். முதல் உலகப் போரின் பிரிட்டிஷ் சிப்பாய். 1915-ல் 'ஷெல் ஷாக்' என்ற குண்டதிர்ச்சிக்காக மாதக்கணக்கில் மருத்துவமனையில் கிடந்தவரை, மறுபடி முன்னணிக்குப் போக மறுத்தார் என்பதற்காகக் கோழை என்று தீர்ப்பெழுதி 1916 அக்டோபரில் சுட்டுக் கொன்றார்கள். 2006-ல்தான் அவருக்கும் அவரைப் போன்ற 300-க்கும் மேற்பட்டவர்களுக்கும் மன்னிப்பு வழங்கினார்கள். யார் யாரை மன்னிப்பது!

ஹோக்கின் கணக்கை நான் நல்ல செய்தியாகவே படிக்கிறேன். உபாதைகளுக்குப் பின்னால் பி.டி.எஸ்.டி. இருந்தால், அதற்குச் சிகிச்சை உண்டு. நடந்ததைப் பயிற்சி பெற்றவரிடம் படிப்படியாகப் பேசித் தீர்க்கும் முறைகள் பலருக்குப் பலன் தருகின்றன. தூக்கம் திரும்பினால் எரிச்சலும் மறதியும் கூடக் குறையலாம். ராணுவத்திலிருந்து திரும்பியவர் வீட்டில் இருந்தால், தூங்குகிறாரா, குடி கூடியிருக்கிறதா, பட்டாசுச் சத்தத்துக்குத் தூக்கிப்போடுகிறதா என்று கவனியுங்கள். அவரை டாக்டரிடம் அழைத்துப் போகும்போது, எத்தனை வெடிப்புக்குப் பக்கத்தில் இருந்தார் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். பேச ஆள் வேண்டுமென்றால் மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம்.