உலாவி மாறும்போது எழுத்து மறைவதேன்?
ஜெராம் வட்டாரத் தோட்டப்புறத் தமிழ் வலைப்பக்கங்களை முன்வைத்து ஒரு நோக்கு

முன்னுரை

கோல சிலாங்கூர் மாவட்டத்தின் கடலோரச் சிற்றூராகிய ஜெராமைச் சூழ்ந்த நிலப்பகுதி, முன்னர் இரப்பர்த் தோட்டங்களும் பின்னர்ச் செம்பனைத் தோட்டங்களும் நிறைந்த பகுதியாகும். அங்குள்ள தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் 2000ஆம் ஆண்டையொட்டிப் பணியாற்றிய ஆசிரியை ஒருவர், தம் மாணவர்களைக் கொண்டு தோட்டத்து முதியோரிடம் வழங்கிய சொற்களைத் திரட்டினார். பெரட்டு, நிரை, மங்கு, லயம், ஆயாக் கொட்டகை, கிராணி, மண்டோர் எனத் தொடங்கும் அத்தொகுப்பில் ஒவ்வொரு சொல்லுக்கும் பொருளும், அச்சொல்லை ஒரு முதியவர் ஆளும் தொடர் ஒன்றும் இடம்பெற்றிருந்தன. அவை வலைப்பக்கங்களாக வடிக்கப்பெற்றுக் குறுவட்டு ஒன்றில் சேமிக்கப்பட்டன.

பணி ஓய்வு பெற்ற அவ்வாசிரியை அண்மையில் அக்குறுவட்டை எம்மிடம் ஒப்படைத்தார். இன்றைய உலாவியில் அதனைத் திறந்தபோது தமிழ் எழுத்து ஒன்றேனும் தோன்றவில்லை. புள்ளியும் கோடும் ஏறிய உரோமன் எழுத்துகளும் நாணயக் குறிகளுமே திரையை நிறைத்தன. குறுவட்டும் பழுதுபடவில்லை, கோப்புகளும் சிதையவில்லை. அவ்வாறாயின் எழுத்து எங்கே சென்றது? இவ்வினாவிற்கு விடை காண்பதும், பழைய உலாவிகளுக்கான ஆதரவை வலை வடிவமைப்பாளர்கள் விலக்கிக்கொள்ளும் வழக்கம் தமிழுக்கு எவ்வகையில் தனிச்சிக்கலாகிறது என்பதை விளக்குவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

பாணித்தாளும் அதன் தரநிலைகளும்

வலைப்பக்கம் ஒன்றில் உள்ளடக்கமும் தோற்றமும் வெவ்வேறானவை. எது தலைப்பு, எது பத்தி, எது பட்டியல் என்பதை எச்.டி.எம்.எல். குறிமொழி உணர்த்துகிறது. எழுத்தின் அளவு, நிறம், வரி இடைவெளி, பக்க அமைப்பு ஆகியவற்றைச் சி.எஸ்.எஸ். எனப்படும் பாணித்தாள் வரையறுக்கிறது. ஹோக்கன் வியூம் லீ 1994இல் முன்மொழிந்த இம்முறையின் முதல் தரநிலை 1996 திசம்பரிலும், இரண்டாம் தரநிலை 1998 மே திங்களிலும் உலகளாவிய வலைக் கூட்டமைப்பினால் வெளியிடப்பெற்றன.

தரநிலை ஒன்றாயினும் அதனை நிறைவேற்றிய உலாவிகள் ஒன்றுபோல் இயங்கவில்லை. நெட்ஸ்கேப்பும் இன்டர்நெட் எக்ஸ்புளோரரும் ஒரே பக்கத்தை இருவேறு தோற்றங்களில் காட்டின. 2001இல் வெளிவந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6, அடுத்த பதிப்பு 2006இல் வரும்வரை ஐந்தாண்டுகள் பெரும் மாற்றமின்றி நீடித்தது. அதன் பிழைகளுக்கென்றே வடிவமைப்பாளர்கள் தனி விதிகளை எழுத நேர்ந்தது. ஒரு பக்கத்தை ஒருமுறை வடித்துவிட்டு, அதே பக்கத்தைப் பழைய உலாவிக்காக மறுமுறை செப்பனிடுவது அவர்தம் அன்றாடப் பணியாயிற்று.

இந்நிலையை எதிர்த்தே 1998இல் வலைத் தரநிலைத் திட்டம் என்னும் குழு தோன்றியது. 2001 பிப்பிரவரியில் அக்குழு, பயனர்கள் தம் உலாவிகளைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டுமென ஓர் இயக்கத்தையே தொடங்கியது. 2010 மார்ச்சில் யூடியூப் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6க்கான ஆதரவை நிறுத்தியது. நெட்ஸ்கேப்பின் ஆதரவு 2008 மார்ச்சிலேயே முடிவுற்றிருந்தது. விண்டோஸ் 10 கணினிகளில் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 11க்கான ஆதரவும் 2022 சூன் 15ஆம் நாள் நிறைவுற்றது.

பாணித்தாள் இலக்கணத்தில் தொடக்கம் முதலே அமைந்துள்ள ஒரு விதி ஈண்டுக் கருதத்தக்கது. தனக்குப் புரியாத கட்டளை ஒன்றைக் காணும் உலாவி, அதனை விட்டுவிட்டு அடுத்ததற்குச் செல்லவேண்டும் என்பதே அவ்விதி. ஆகவே, புதிய அலங்காரங்கள் பழைய உலாவியில் தோன்றாமல் போகலாம். உள்ளடக்கம் மறைய வேண்டியதில்லை. வட்ட விளிம்புள்ள பெட்டி சதுரப் பெட்டியாகத் தெரியும். இரு பத்திகளாய் அமைந்த பக்கம் ஒரே பத்தியாய் நீளும். ஆங்கிலப் பக்கத்திற்கு இஃது ஏறத்தாழ உண்மை. தமிழ்ப் பக்கத்திற்கு நீண்ட காலம் இஃது உண்மையாக இல்லை.

எழுத்தே தோற்றமாகிய நிலை

1995இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முதலியோரின் முயற்சியால் தமிழ் இணையமேறிய நாள்தொட்டு, தமிழெழுத்தைக் கணினிக்கு உணர்த்தும் பொதுவான முறை எதுவென்பதே பெருஞ்சிக்கலாக இருந்தது. அக்கால எழுத்துருக்கள் 256 இடங்களைக் கொண்டவை. முதல் 128 இடங்களில் ஆங்கிலத்தை நிறுத்தி, எஞ்சிய இடங்களில் தமிழ் வடிவங்களை அமைத்தனர். எந்த இடத்தில் எந்த எழுத்து என்பதை எழுத்துருவாக்கியவரே முடிவு செய்தார். பல நாட்டுத் தமிழ்க் கணினி அறிஞர்கள் கூடி வகுத்த திஸ்கியும், 1999இல் தமிழக அரசு ஏற்ற தாம், தாப் ஆகியனவும் இக்குழப்பத்தைக் குறைக்க முயன்ற தகுதரங்களாகும். மலேசியாவில் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல், பள்ளிகளிலும் இல்லங்களிலும் தமிழ்த் தட்டச்சைப் பரவலாக்கியது.

இம்முறையில் கோப்பினுள் உண்மையில் சேமிக்கப்பட்டவை ஐரோப்பிய எழுத்துகளுக்குரிய எண்களேயாம். குறிப்பிட்ட எழுத்துருவைப் போர்த்தும்போதுதான் அவ்வெண்கள் தமிழாகக் காட்சியளித்தன. வேறு வகையிற் கூறுவதாயின், ஆங்கிலப் பக்கத்தில் எழுத்துரு என்பது அணி. தமிழ்ப் பக்கத்தில் அதுவே எழுத்து. தோற்றத்திற்குரிய கூறு உள்ளடக்கத்தின் சுமையையும் தாங்கி நின்றது.

படிப்பவர் ஒவ்வொருவரும் எழுத்துருவை நிறுவிக்கொள்ளும் இடரைத் தவிர்க்க இயங்கு எழுத்துரு என்னும் முறை கைக்கொள்ளப்பட்டது. பக்கத்துடன் எழுத்துருவும் சேர்ந்தே இறங்கிவிடும். ஆயின், இதற்கும் இருவேறு வடிவங்கள் இருந்தன. இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு மைக்ரோசாப்டின் வடிவம். நெட்ஸ்கேப் 4க்குப் பிட்ஸ்டிரீம் நிறுவனத்தின் வடிவம். 2000இல் வெளிவந்த நெட்ஸ்கேப் 6 தன் முன்னோடியின் எழுத்துரு வடிவத்தைக் கைவிட்டது. மைக்ரோசாப்டின் வடிவத்தைப் பயர்பாக்சும் குரோமும் ஏற்கவேயில்லை. உலாவி ஒன்று மறைந்தபோது அதனோடு எழுத்துருவும், எழுத்துருவோடு பாடமும் மறைந்த வரலாறு இதுவே. ஜெராம் குறுவட்டில் நாம் கண்டதும் இதன் விளைவேயாகும்.

ஒருங்குறியின் வருகை

தமிழெழுத்துகளுக்கு உலகப் பொதுவான எண்களை வழங்கும் ஒருங்குறி, 1991ஆம் ஆண்டு முதற்பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்களைக் கொண்ட ஒரு பகுதியை ஒதுக்கியிருந்தது. ஆயினும், எண் இருந்தால் மட்டும் போதாது. ‘கொ’ என்னும் உயிர்மெய்யில் ககரமும் ஒகரக் குறியுமே சேமிக்கப்படுகின்றன. கொம்பை இடப்புறமும் காலை வலப்புறமும் நிறுத்தும் பணியை இயங்குதளம் செய்ய வேண்டும். விண்டோஸ் 2000இலும் எக்ஸ்பியிலும் இவ்வசதி இருந்தும், அது தானாக இயங்கவில்லை. மொழி அமைப்புப் பகுதிக்குச் சென்று அதனைச் செயற்படுத்த வேண்டும். அதற்கு மூலக் குறுவட்டு தேவைப்படுவதும் உண்டு. நகரத்தில் இஃது எளிய பணி. கணினி அறிந்தவர் எவருமில்லாத தோட்டப்பள்ளியில் இதுவே பெரிய மதிலாக நின்றது. அம்மதிலுக்கு அப்பால், புதிய ஒருங்குறிப் பக்கங்கள் வெற்றுக் கட்டங்களாகவே தெரிந்தன.

இங்ஙனம் இவ்வட்டாரப் பள்ளிகள் போன்றவை இருமுறை இழப்பிற்கு உள்ளாயின எனலாம். பழைய கணினியில் புதிய பக்கம் தெரியவில்லை. கணினி புதிதாகியபோது பழைய பக்கம் தெரியவில்லை. 1998இல் மதுரைத் திட்டத்தைத் தொடங்கிய முனைவர் கு. கல்யாணசுந்தரமும் அவர்தம் குழுவினரும் திஸ்கியில் இருந்த நூல்களைப் பின்னர் ஒருங்குறியிலும் வழங்கியமையால் அந்நூல்கள் பிழைத்தன. தனி ஆசிரியர்களின் தொகுப்புகளுக்கு அத்தகைய காவலர் எவருமில்லை.

இரு தரப்பு நியாயங்கள்

ஆதரவை விலக்குவோரை முற்றாகக் குறைகூறுதல் பொருந்தாது. பழைய உலாவிகள் பாதுகாப்புக் குறைபாடுகள் மிக்கவை. அவற்றைப் பயன்படுத்தும் பள்ளியே முதலில் பாதிக்கப்படும். பழைய பிழைகளுக்காகச் செலவிடப்படும் உழைப்பு புதிய பயன்பாடுகளைத் தடுக்கிறது. பழைய உலாவிகள் வழக்கொழிந்தமையால் தமிழும் நன்மை பெற்றது. 2008இல் சபாரி 3.1உம் 2009இல் பயர்பாக்ஸ் 3.5உம் பொது எழுத்துருக் கோப்புகளைப் பக்கத்துடன் இறக்க இடமளித்தன. 2012இல் வாஃப் என்னும் வலை எழுத்துரு வடிவம் தரநிலையாயிற்று. இவை இல்லையேல் இன்றைய கைப்பேசியில் அழகிய தமிழெழுத்துகளைக் காண்பது அரிதாகும்.

எனினும், விலக்கும் முடிவு பெரும்பாலும் பயனர் எண்ணிக்கையைக் கொண்டே எடுக்கப்படுகிறது. நூற்றில் ஒருவர் மட்டுமே பழைய உலாவியைப் பயன்படுத்துகிறார் எனில், அவ்வொருவரைக் கைவிடுவதே சிக்கனம் எனக் கணக்கு முடிகிறது. அவ்வொருவர் யார் என்பதைக் கணக்கு கூறுவதில்லை. விண்டோஸ் 7இல் இயங்கும் குரோம், 2023இல் 109ஆம் பதிப்போடு நின்றுவிட்டது; விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. கணினியை மாற்றப் பொருளற்றவரே இத்தகைய எல்லைக்கோட்டின் மறுபுறம் நிற்பவர். சராசரியை நோக்கி வடிக்கப்படும் பாடம், பாடம் மிகத் தேவைப்படும் மாணவனைத் தவறவிடக்கூடும்.

கடைப்பிடிக்கத்தக்க நெறிகள்

தமிழ்க் கல்விப் பக்கங்களை வடிப்போரும் அவற்றை வடிக்கச் சொல்லும் ஆசிரியர்களும் பின்வரும் நெறிகளைக் கருத்திற்கொள்ளலாம்.

முதலாவதாக, பாணித்தாளை முற்றிலும் நீக்கிப் பக்கத்தைப் படித்துப் பார்த்தல் வேண்டும். அந்நிலையிலும் பாடம் தொடர்ச்சியாகப் புரியுமெனில் அடித்தளம் உறுதியானதாகும். புதிய வசதிகளை அதன்மேல் படிப்படியாக ஏற்றலாம். ஒரு வசதி உலாவியில் உண்டா எனப் பாணித்தாளே வினவி அறியும் கட்டளையும் இன்று உள்ளது.

இரண்டாவதாக, எழுத்து ஒருங்குறியிலேயே இருத்தல் வேண்டும். தனி எழுத்துரு இறங்காவிடினும் கருவியின் இயல்பான எழுத்துருவில் பாடம் தெரியுமாறு மாற்று எழுத்துருவையும் குறித்தல் நலம்.

மூன்றாவதாக, தமிழின் வடிவ இயல்புக்கு இடந்தருதல் வேண்டும். ஆங்கிலத்திற்கென அமைந்த வரி இடைவெளி, கீ, மீ போன்றவற்றின் மேல்விலங்கை நெருக்குகிறது. நீண்ட தமிழ்ச்சொற்கள் குறுகிய திரையின் ஓரத்தைக் கடக்கின்றன.

நான்காவதாக, ஆதரவை விலக்குமுன் அறிவிப்பும் அவகாசமும் தருவதோடு, பழைய உள்ளடக்கத்தை மாற்றிக் காத்தல் வேண்டும். ஆசிரியர்களும் தம் தொகுப்புகளின் படியொன்றை அலங்காரமற்ற ஒருங்குறிக் கோப்பாக வைத்திருத்தல் நன்று.

முடிவுரை

ஜெராம் குறுவட்டிற்கு மீள்வோம். அதன் பக்கங்களுட் பெரும்பாலானவை திஸ்கியில் இருந்தன. திஸ்கியின் ஒவ்வோர் எண்ணுக்கும் உரிய ஒருங்குறி எழுத்து எதுவென்பதற்கு அட்டவணை உண்டாதலால், அவற்றை மாற்ற ஒரு பிற்பகலே போதுமானதாயிற்று. பெரட்டும் நிரையும் மங்கும் மீண்டும் தமிழாயின.

இறுதிச் சில பக்கங்கள் மட்டும் அட்டவணை எதிலும் இல்லாத தனியார் எழுத்துரு ஒன்றில் அமைந்திருந்தன. அவ்வெழுத்துரு குறுவட்டில் இல்லை. அடிக்கடி வரும் குறிகளை ஒப்பிட்டுப் பெரும்பகுதியை உய்த்துணர்ந்தோம். ஆயின், அத்தகைய எழுத்துருக்களில் உகர, ஊகார உயிர்மெய்கள் பலவற்றுக்குத் தனித்தனி இடமுண்டு. தொகுப்பு முழுவதிலும் ஒரே ஒருமுறை வரும் குறி ஒன்று ‘ணூ’வா, ‘ளூ’வா, ‘றூ’வா எனத் துணிய வழியில்லை. அவ்வகையில் இரு சொற்கள் எஞ்சின. அகராதிகளில் அவை இல்லை. ஆசிரியைக்கும் நினைவில்லை. அவற்றைச் சொன்ன முதியவர் மறைந்துவிட்டார். அவர் வாழ்ந்த லயமும் இன்றில்லை.

அவ்விரு சொற்களையும் தொகுப்பிலிருந்து நீக்கிவிடாமல், ஐயத்திற்குரிய எழுத்தின் இடத்தில் கட்டமொன்றை இட்டு, பொருளோடு அப்படியே வைத்துள்ளோம். ஜெராம், புக்கிட் ரோத்தான், ஈஜோக் வட்டாரங்களில் அவற்றை இன்னும் வழங்குவோர் எங்கேனும் இருக்கக்கூடும். தோட்டத்திலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்கள், வீட்டுப் பெரியோரிடம் கேட்டு வரும்படி மாணவர்களைப் பணித்தல் நலம் பயக்கும். இம்முறை திரட்டப்படும் சொற்களேனும் உலாவி மாறினாலும் மாறாத எழுத்தில் அமைவது நம் பொறுப்பாகும்.