அசையாதிருக்க உதவும் இருக்கை

வட அமெரிக்காவில் மரத்தின்மேல் பரண் கட்டாது தரையிலேயே மறைந்திருந்து வில்லால் மான் வேட்டையாடுவோர், அம்பு தவறாது தைப்பதற்கு மான் மிக அருகில் வரும்வரை மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருப்பதால், தாம் அமரும் இருக்கையையும் வில்லுக்கு நிகரான கவனத்துடன் தெரிவு செய்கின்றனர். இலங்கையில் புள்ளிமானும் மரையும் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. ஆகவே அவ்வேட்டைக்கு இங்கு இடமில்லை, இருக்கவும் கூடாது. ஆயினும், வாடைக்காற்றுக் காலத்தில் மண்டைதீவை அண்டிய கடல்நீரேரியில் இறங்கும் பூநாரைகளையும், போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்திலிருந்து நெடுந்தீவில் தங்கிவிட்ட கட்டைக் குதிரைகளையும் காணவும் படம் பிடிக்கவும் விரும்புவோருக்கு, தரையோடு தரையாக அசையாது காத்திருக்கும் அதே பயிற்சி இன்றியமையாதது.

குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்திருப்பதால், அது தன்னைச் சுற்றி ஏறக்குறைய எல்லாத் திசைகளையும் ஒரே நேரத்தில் காண்கிறது. அசையாத உருவத்தைப் பொருட்படுத்தாத அவ்விலங்கு, கால் மரத்துப்போய் மனிதர் ஒருமுறை இடம் மாறி அமர்ந்தாலே விலகிச் சென்றுவிடும். எனவே, உடல் நோகாதிருப்பதே மறைவின் முதற்கூறு எனலாம்.

அந்நோவு பெரும்பாலும் இருக்கையின் உயரத்திலிருந்தே தொடங்குகிறது. ஒரு சாண் உயரமே உள்ள பலகையில் அமரும்போது முழங்கால்கள் இடுப்புக்கு மேலே எழுந்து, இடுப்பெலும்பு பின்னோக்கிச் சாய்ந்து, கீழ்முதுகின் இயல்பான வளைவு தட்டையாகிவிடுவதால், சிறிது நேரத்திலேயே முதுகு வலிக்கத் தொடங்கும். மாறாக, இருக்கை மிக உயர்ந்திருந்தால் அதன் முன்விளிம்பு தொடையின் அடிப்பகுதியை அழுத்திக் காலை மரக்கச் செய்யும். தொடைகள் தரைக்கு ஏறத்தாழச் சமாந்தரமாக அமையும் உயரமே உடலுக்கு உகந்தது. வில்லாளி நாணை இழுக்கும்போது வில்லின் கீழ்முனை முழங்காலில் தட்டாதிருப்பதற்கும் அதுவே வசதியானது. ஒளிப்படம் எடுப்பவரோ, பறவையின் கண்மட்டத்திற்குக் கமராவைத் தாழ்த்த வேண்டியிருப்பதால், தாழ்ந்த இருக்கையை ஏற்றுக்கொண்டு, கால்களை முன்னே நீட்டி, முதுகை எதிலேனும் சாய்த்துக்கொள்வதே தக்கது. 2015ஆம் ஆண்டில் ஒரு பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட நெடுந்தீவில், பவளக்கற்களைச் சாந்தின்றி அடுக்கிக் கட்டிய வேலிகள் எங்கும் காணப்படுகின்றன. அவை நிழலும் மறைவும் தருமாயினும், கற்கள் சரியக்கூடியவை என்பதால் அவற்றின்மீது ஏறுவதோ பாரத்தை முழுவதும் சாய்ப்பதோ கூடாது. முதுகுச்சாய்வுள்ள மடக்கு இருக்கையை வேலியோரம் வைப்பதே வேலிக்கும் நல்லது.

தரையின் தன்மையும் தீவுக்குத் தீவு வேறுபடுகிறது. நெடுந்தீவின் மேடுபள்ளமான கற்றரையில் நான்கு கால் இருக்கை தடதடவென ஆடும். மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில் அமையும் என்பதால் முக்காலி அங்கே ஆடாது நிற்கும். ஊர்காவற்றுறை, வேலணைப் பக்கத்துச் சேற்றுக் கரைகளிலோ அதே முக்காலியின் மெல்லிய கால்கள் புதைந்துவிடும். அங்கே கால்களுக்குக் கீழே அகன்ற பலகையொன்றை இடுவது அவசியம்.

ஓசையும் கவனத்துக்குரியது. தீவகத்தில் எளிதாகக் கிடைக்கும் பனையோலைத் தடுக்கு குளிர்ச்சியானதும் இலேசானதுமாக இருப்பினும், வெயிலில் உலர்ந்தபின் அசைவுக்கு அசைவு சரசரக்கும். அதன்மேல் சாக்கொன்றை மடித்து விரித்தால் அவ்வொலி அடங்குவதுடன், உடல் பாரத்தின் பெரும்பகுதியைத் தாங்கும் இரு இருப்பெலும்பு முனைகளுக்கும் மெத்தென்றிருக்கும். உலோக மடக்கு நாற்காலியின் மூட்டுகளில் துணி சுற்றுவதும், வாங்குமுன் கடையிலேயே அமர்ந்து உடலைத் திருப்பிக் கிரீச்சொலி எழுகிறதா என்று பார்ப்பதும் பயன் தரும்.

குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவு செல்லும் படகுகளில் பயணிகளுடன் அவர்களது சாமான்களும் நெருக்கியடித்துச் செல்வதால், எத்தனை வசதியான இருக்கையாயினும் தோளில் மாட்டிக்கொண்டு இரு கைகளும் விடுபட்டிருக்கும்படி அமைந்திருந்தால்தான் அதைக் கொண்டுசெல்ல முடியும்.