புல்லில் தோன்றும் நுரையும் குளோவியாப் பேரினமும்

ஜூன் திங்களில் மழை இறங்கிச் சில வாரங்கள் சென்றபின், செம்பூரிலோ மாதுங்காவிலோ வேலியோரத்துப் புற்களைச் சற்றுக் குனிந்து நோக்கினால், தண்டின் கணுக்களில் வெண்ணுரைத் திரள் ஒட்டியிருக்கக் காணலாம். வழிப்போக்கர் எவரோ துப்பிச் சென்றார் என்று முகம் சுளிப்பார் உளர். நம் நகரத்தில் அந்த ஐயத்தை அடியோடு தள்ளிவிடவும் இயலாது! ஆயினும் அந்த நுரையை ஒரு குச்சியால் மெல்ல விலக்கினால், உள்ளே மென்மையான சிறு பூச்சிக்குஞ்சு ஒன்று தலைகீழாக அமர்ந்திருக்கும். நுரை அது தனக்கென்று கட்டிக்கொண்ட வீடு.

இவ்வீடு கட்டப்படும் முறை வியப்புக்குரியது. அசுவினி முதலிய பூச்சிகள் இலையில் ஆக்கப்பட்டுக் கீழிறங்கும் இனிப்பான சாற்றை உறிஞ்சுகின்றன. நுரைப்பூச்சியோ வேரிலிருந்து மேலேறும் நீர்க்குழாயில் தன் ஊசிவாயைச் செருகுகிறது. அதில் ஓடுவது பெரும்பாலும் வெறும் நீரே. ஊட்டச்சத்து மிகச் சொற்பம். ஆகவே உடல் வளர வேண்டுமானால் ஓயாமல் குடித்தல் வேண்டும். குடித்ததில் பெரும்பகுதியை ஓயாமல் வெளியேற்றவும் வேண்டும். அவ்வாறு வெளியேறும் நீரோடு உடலில் ஊறும் பசைப்பொருள் கலக்கிறது. வயிற்றின் கீழ்ப்புறத்திலுள்ள குழிவில் காற்றை இழுத்து அந்நீருக்குள் செலுத்துகையில் குமிழிகள் எழுகின்றன. பசை இருப்பதால் அவை எளிதில் உடைவதில்லை. வெயிலில் வற்றாமலும், எறும்புக்கு இரையாகாமலும் குஞ்சு பிழைத்துக்கொள்கிறது. வளர்ந்து இறக்கை முளைத்தபின் நுரையை விட்டு வெளியேறித் துள்ளித் திரியும். ஐரோப்பியப் புல்வெளி நுரைப்பூச்சி ஆறு மில்லிமீட்டர் நீளமே உடையது. அது 70 சென்டிமீட்டர் உயரம் தாவுவதை ஆங்கில அறிஞர் ஒருவர் 2003-இல் அளந்து வெளியிட்டார்.

இனி இவற்றின் குலமுறையைக் காண்போம். இக்கூட்டத்துக்குச் செர்கோபிஸ் என்னும் பெயரை 1775-இல் இட்டவர் ஃபாப்ரீசியஸ் என்ற டேனிஷ் அறிஞர். அவர் பெயரிட்ட பூச்சிகளுள் பல நமது தரங்கம்பாடியிலிருந்து கப்பலேறிச் சென்றவை. லின்னேயஸிடம் அவரைப் போலவே பயின்ற மருத்துவர் கோயனிக் என்பார் 1768 முதல் அவ்வூரில் இருந்ததை இங்கு நினைவுகூரலாம். பின்னர் இக்கூட்டம் பல குடும்பங்களாகப் பிரிக்கப்பட்டது. சிவப்பும் கறுப்புமாகப் பளிச்சிடுபவை பெரும்பாலும் செர்கோபிடே குடும்பத்தைச் சார்ந்தவை. அவற்றின் முன்மார்புக் கவசத்தின் முன்விளிம்பு நேராக இருக்கும். அவ்விளிம்பு முன்னோக்கி வளைந்து, மேனி மங்கிய பழுப்பாக இருப்பவை அஃப்ரோஃபோரிடே குடும்பத்தின. நிறத்தைவிட விளிம்பையே நம்புவது நலம்.

பழுப்புக் குடும்பத்தைச் சேர்ந்ததே குளோவியாப் பேரினம். ஆப்பு வடிவான உடலும், முதுகில் நீளவாட்டத்தில் ஓடும் கோடுகளும் இதில் பரவலாகக் காணப்படுவன. சுவீடன் நாட்டு ஸ்டால் 1866-இல் இதை நிறுவினார். பிரிட்டிஷ் பொருட்காட்சிசாலைக்காக வாக்கர் 1851-இல் விவரித்த இரண்டு இனங்கள் வேறு பேரினத்தில் வைக்கப்பட்டுப் பின்னர் குளோவியாவுக்கு மாற்றப்பட்டன. அதனாலேயே இன்றும் அவற்றின் பெயர்களில் வாக்கர் என்பது அடைப்புக்குறிக்குள் நிற்கிறது. இலாகா மாறிய கோப்பின் மேலுறையில் பழைய இலாகாவின் முத்திரை இருப்பதைப் போன்றது இது.

இந்தியப் பூச்சிகளைத் தொகுத்து 1908-இல் ஒரு பெருநூலில் பதிப்பித்தவர் டிஸ்டன்ட். அவர் தம் முற்கால நூல்களை இலண்டனில் தோல் பதனிடும் தொழிற்சாலையொன்றில் பணியாற்றிக்கொண்டே எழுதினார். திருநெல்வேலிச் சீமையினர் அதே தொழிலை நாடித் தாராவியில் குடியேறிய காலமும் ஏறத்தாழ அதுவே.

ஆப்பிரிக்கா, இந்தியா, இலங்கை, தென்கிழக்காசியா, ஆஸ்திரேலியா, பசிபிக் தீவுகள் என்று குளோவியாவின் எல்லை விரிகிறது. அமெரிக்க வெப்ப நாடுகளில் வேறு பேரினங்கள் வாழ்கின்றன. அவற்றுள் மகனார்வா பிரேசிலின் கரும்புக்குப் பெரும்பகை. ஆனால் இவ்வகை எல்லைக்கோடுகளைச் சற்று எச்சரிக்கையோடு படிக்க வேண்டும் என்பது நம் கருத்து. பழைய நூல்களில் பல இனங்கள் உலர்ந்த ஓரிரு மாதிரிகளைக் கொண்டே விவரிக்கப்பட்டன. குஞ்சு எது, அது எச்செடியில் நுரை கட்டும் என்ற செய்திகள் அவற்றில் இல்லை. படத்தில் தெரிவது பூச்சி வாழும் இடம் பாதி, சேகரிப்போர் நடந்த வழி பாதி.

பெயரைச் சரியாக அறிவது பண்டிதர் பொழுதுபோக்கு மட்டுமன்று. இத்தாலியின் தென்கோடியில் 2013-இல் ஒலிவ மரங்களைப் பட்டுப்போகச் செய்யும் நுண்ணுயிர் ஒன்று கண்டறியப்பட்டது. அதை மரத்துக்கு மரம் சுமந்தது, அதுவரை எவரும் பொருட்படுத்தாத அந்தப் புல்வெளி நுரைப்பூச்சியே. எந்தப் பூச்சி சுமக்கிறது என்று தெரிந்தபின்னரே, புல்லில் குஞ்சாயிருக்கும் பருவத்தில் அதை ஒழிக்கும் வழியை வகுக்க முடிந்தது.

தாராவிக்கு அருகே, மித்தி ஆற்றங்கரையில், குப்பைமேடாய்க் கிடந்த நிலத்தில் எழுப்பப்பட்டு 1994-இல் திறக்கப்பட்ட மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா, பிள்ளைகளோடு சென்று தேடிப் பார்க்க ஏற்ற இடம். நுரை தென்பட்டால், நாள், செடியின் பெயர், தரையிலிருந்து உயரம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளலாம். நுரையைத் துடைத்தெடுக்க வேண்டாம். சிறிது விலக்கிப் பார்த்துவிட்டு விட்டால், குஞ்சு தானே மீண்டும் மூடிக்கொள்ளும்.