நுண்வரிசைத் தட்டும் கணினியின் தீர்ப்பும்

கடும் வெண்குருதிப் புற்றுநோயில் இரு பெரும் வகைகள் உள. இரண்டிற்கும் சிகிச்சை வேறு. வகையைப் பிழையாக அறியின் நோயாளி பிழைக்கும் வாய்ப்புக் குன்றும். 1999ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் கோலப் முதலியோர், 38 நோயாளரின் என்பு மச்சையில் 6,817 பரம்பரையலகுகளை ஒருங்கே அளந்து, அவ்விரு வகைகளையும் பிரித்தறியலாம் எனக் காட்டினர். அதற்குத் துணையானது நுண்வரிசைத் தட்டு.

சிறு தட்டொன்றில் ஒவ்வொரு பரம்பரையலகிற்கும் உரிய டி.என்.ஏ. துண்டுகள் புள்ளி புள்ளியாகப் பதிக்கப்பட்டிருக்கும். கலத்தின் ஆர்.என்.ஏ.யிலிருந்து பெற்ற பிரதிக்கு ஒளிரும் சாயம் ஊட்டித் தட்டில் இட்டால், அது தனக்கு இணையான துண்டைப் பற்றிக்கொள்ளும். மிகுதியாக ஒளிரும் புள்ளி, மிகுதியாகத் தொழிற்படும் பரம்பரையலகைக் காட்டும்.

இத்தகைய அளவீடுகள் 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட 'ஜியோ' என்னும் பொதுக் களஞ்சியத்திற் சேர்ந்துள்ளன. அங்குள்ள 'ஜியோ2ஆர்' என்னும் கருவியை எவரும் இணையத்தின் வழியே கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். மாதிரிகளை இரு கூட்டமாகப் பிரித்துக் கொடுத்தால் கணினி அட்டவணையொன்றைத் தரும். அதனைப் படிப்பதற்கு மூன்று கருத்துக்கள் தெளிவாதல் வேண்டும்.

முதலாவது, இயல்பாக்கல். கண்டிப்பான பரீட்சகர் இட்ட புள்ளியையும் தாராளமான பரீட்சகர் இட்ட புள்ளியையும் அப்படியே ஒப்பிடுதல் நீதியன்று. அவ்வாறே ஒரு தட்டு முழுவதும் மற்றதிலும் பிரகாசமாக இருக்கக்கூடும். அளவுகளைச் சமப்படுத்திய பின்னரே ஒப்பிடல் தகும்.

இரண்டாவது, மடக்கை. வேறுபாடு இரண்டை அடியாகக் கொண்ட மடக்கையிற் குறிக்கப்படும். இருமடங்கு ஏற்றம் 1. பாதியாகக் குறைதல் −1. ஏற்றமும் இறக்கமும் இவ்வாறு ஒரே அளவினவாகின்றன.

மூன்றாவது, தற்செயல். இதுவே தலையாயது. நூறில் ஐந்து தற்செயலாக நேரலாம் என்னும் எல்லையை ஏற்றால், உண்மையில் எவ்வித வேறுபாடும் இல்லாதபோதும் 6,817 பரம்பரையலகுகளில் ஏறக்குறைய 340 வேறுபட்டனபோலத் தோன்றும். ஆதலால் அட்டவணையில் உள்ள சாதாரண நிகழ்தகவை விடுத்து, திருத்திய நிகழ்தகவையே நோக்க வேண்டும். 1995ஆம் ஆண்டில் பெஞ்சமினி, ஹொக்பேர்க் என்னும் இருவர் வகுத்த முறை, தெரிவானவற்றுட் பொய்யானவற்றின் விகிதத்தைக் கட்டுப்படுத்துகின்றது.

திருத்தியும் ஐயம் முற்றாக நீங்குவதில்லை. கோலப் குழுவினர் தாம் தெரிந்த 50 பரம்பரையலகுகளை, முன்னர் பயன்படுத்தாத 34 மாதிரிகளிற் சோதித்தனர். 29 மாதிரிகளில் உறுதியான விடை கிடைத்தது. அவை யாவும் சரியாயின. எஞ்சிய ஐந்தில் ஐயம் உண்டு என்பதையும் மறையாது கூறினர். கணினி அட்டவணையைத் தரும். அதனைப் புதிய மாதிரியிற் சோதித்து நம்புதல் மனிதரின் கடன்.