லிஃப்டுக்கு அடியில் இரண்டு ஆப்புகள்

அன்றாட ஓட்டத்தில் இந்த எஃகு ஆப்புகள், பெட்டியை வழிநடத்தும் கைடு ரெயிலைத் தொடுவதே இல்லை. பெட்டி அளவுமீறிய வேகத்தில் இறங்கினால், மேலே உள்ள கவர்னர் என்ற வேகக் கட்டுப்பாட்டுக் கருவி தன் கயிற்றைப் பிடித்து நிறுத்தும். அந்தக் கயிறு ஆப்புகளை மேலே இழுக்கும். சரிவான கூட்டுக்குள் ஏற ஏற இடம் குறுகும். ஆப்பு ரெயிலைக் கவ்விக்கொள்ளும். அதன் முகத்திலுள்ள வரிவெட்டுகளைப் பாருங்கள், வழுக்காமல் பிடிப்பவை அவைதான். கீழே இழுக்கும் பெட்டியின் எடையே பிடியை மேலும் இறுக்குகிறது. வியக்க வேண்டிய இடம் இது. மின்சாரமே தேவையில்லை. விடுவிக்க, பெட்டியை மேலே தூக்க வேண்டும்.

1854-ல் நியூயார்க்கில் லிஃப்டைத் தாங்கும் கயிற்றை வெட்டச் செய்து அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் எலிஷா ஓட்டிஸ் காட்டிய காப்பு வேறு: வில்லும் பற்சட்டமும் கொண்டது.

வேகமான லிஃப்ட் சட்டென்று நின்றால் உள்ளிருப்பவர்களுக்கு அடிபடும். அதனால் அத்தகைய லிஃப்டுகளில் ஆப்புப் பிடியை வில் கொண்டு மட்டுப்படுத்துகிறார்கள்.