மாத்திரையில் சத்து எவ்வளவு, சாமான் எவ்வளவு?

சம்பளம் போட்ட மறுநாள் சத்து மாத்திரைப் புட்டியோடு ஒருவர் வாசலில் வந்து நிற்பார். "ஒரு மாசம் சாப்பிடுங்கம்மா, உடம்பு இரும்பாயிடும்" என்பார். நாமும் வாங்கி விடுகிறோம். அதில் சத்தைத் தவிர வேறு என்ன இருக்கிறது என்று கேட்பதில்லை.

வைட்டமின் டி 1000 யூனிட் என்று புட்டியில் போட்டிருந்தால், அதன் எடை 25 மைக்ரோகிராம்தான். ஒரு கிராமை 40,000 பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு! அதை எப்படிக் கையில் எடுத்து விழுங்குவது? அதனால்தான் மாவு, செல்லுலோஸ், பால் சர்க்கரையான லாக்டோஸ் முதலியவற்றைச் சேர்த்து மாத்திரையாக்குகிறார்கள். இட்லித் தட்டில் எண்ணெய் தடவுகிறோமே, அதுபோல இயந்திரத்தில் ஒட்டாமலிருக்க மெக்னீசியம் ஸ்டியரேட் சேர்ப்பார்கள். அனுமதித்த அளவில் இவை பெரும்பாலோருக்குக் கெடுதல் செய்வதில்லை.

ஆனால் எல்லார் உடம்பும் ஒன்றல்ல. பால் ஒத்துக்கொள்ளாதவருக்கு லாக்டோஸ் வயிற்றைப் பொருமச் செய்யலாம். டார்ட்ரசின் என்னும் மஞ்சள் சாயம் சிலருக்குத் தடிப்பும் அரிப்பும் தரும். நீரிழிவுக்காரர்கள் சத்து டானிக்கில் சர்க்கரை உண்டா என்று பார்க்க வேண்டும். கூட்டின் ஜெலட்டின் பெரும்பாலும் மாடு அல்லது பன்றியின் தோல், எலும்பிலிருந்து வருவது. வெள்ளை நிறம் தரும் டைட்டானியம் டை ஆக்சைடை உணவில் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் தடை போட்டது; மற்றப் பல நாடுகளில் அனுமதி உண்டு. எப்படியானாலும் நிறத்தில் சத்து இல்லை.

'சும்மா சேர்க்கிற சாமான்தானே' என்று விட்டுவிடவும் கூடாது. 1937இல் அமெரிக்காவில் சல்ஃபா மருந்தை டைஎத்திலீன் கிளைக்கால் என்ற திரவத்தில் கரைத்து விற்றார்கள். நூறு பேருக்கு மேல் மாண்டனர். கொன்றது மருந்தல்ல, கரைத்த திரவம். அதன் பிறகே, 1938இல், விற்பதற்கு முன் புது மருந்தின் பாதுகாப்பைக் காட்ட வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது.

ஆகவே தோழர்களே, மலேசியாவில் பதிவான சத்து மாத்திரையின் லேபிளில் 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கும், 'என்' என்ற எழுத்தைக் கொண்ட எண் இருக்கும். அது இல்லாததை வாங்காதீர்கள். பதிவில்லாத வலி மாத்திரைகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்ததும் பிடிபட்டிருக்கிறது. பெட்டியைத் தூக்கிப் போடாமல், கிளினிக் போகும்போது கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். வாய் ஜாலத்தை நம்பாதீர்கள், லேபிளைப் படியுங்கள். படிக்க முடியாவிட்டால், பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். வியர்வை சிந்திச் சம்பாதித்த காசு, உடம்பும் நம்முடையதே!